நீல மூடி டப்பா

ஜூலை 9, புதன்

இந்த நோட்டு பத்மஜா மேடம் கொடுத்தது. மாற்று இதயம் தேடுகிற விஷயத்தில் ஆஸ்பத்திரிக்கும் எங்களுக்கும் நடுவே நின்று எல்லா ஏற்பாடும் செய்கிறவர். "மனசுல ஓடறத எழுதுங்க சார், யாருக்கும் காட்ட வேண்டாம்" என்றார். எப்போது கிடைக்கும் என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவரை ஒருவழி ஆக்கியிருப்பேன் போல. நான் பொள்ளாச்சி–வால்பாறை பஸ்ஸில் கண்டக்டர். ஆடாமல் அசையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லை. பாருங்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாலும் எழுத்து வளைவில் திரும்புகிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்கிறது.

என் மகள் தன்யஸ்ரீக்கு ஏழு வயது. அவளுடைய இதயம் வீங்கிப்போய், ரத்தத்தைத் தள்ளிவிடத் தெம்பில்லாமல் ஆகிவிட்டது. வேறு இதயம் கிடைக்கும் வரைக்கும் அந்த வேலையை ஒரு இயந்திரம் செய்கிறது. வயிற்றுக்கு மேலே இரண்டு குழாய்கள் வெளியே வந்து, உள்ளே இருப்பது தெரிகிற ஒரு சின்னக் கிண்ணத்தில் சேர்கின்றன. கிண்ணம் போர்வைக்கு மேலேயே கிடக்கிறது. ரத்தம் வருவதும் போவதும் கண்ணுக்குத் தெரியும். கட்டிலோரம் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று காற்றை ஊதி ஊதி அந்தக் கிண்ணத்தை இயக்குகிறது. டக், புஸ். டக், புஸ்.

முதல் தடவை பார்த்தபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். தன்யா தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். "மாதுளம்பழமாட்ட இருக்குதுப்பா" என்றாள். அன்றிலிருந்து கிண்ணத்துக்குப் பெயர் மாதுளை. பெட்டிக்குப் பெயர் வண்டி.

ஜூலை 11, வெள்ளி

சோப்பு, கொசுவத்தி, நீல ரிப்பன் வாங்கினேன். கீரை தரக்கூடாதாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மருந்துக்கும் கீரைக்கும் ஆகாது. கீரையைக் கண்டாலே ஓடுகிறவள், "நல்ல ஆஸ்பத்திரிப்பா இது" என்று மெச்சினாள்.

ஜூலை 17, வியாழன்

இன்று முதல் நடை. சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டால் வண்டி பேட்டரியில் கொஞ்ச நேரம்தான் ஓடும். அதற்குள் வராந்தாக் கோடி வரை போய்த் திரும்ப வேண்டும். தேன்மொழி சிஸ்டர் வண்டியைத் தள்ள, நான் குழாய்களைத் தாங்க, நடுவில் தன்யா புது மருமகள் மாதிரி அடிமேல் அடி வைத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் ஆன்றோ. ஒன்பது வயது, கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன். அவனுக்கும் இதே வண்டி, இதே காத்திருப்பு. எங்களைப் பார்த்ததும், "சிஸ்டர், நானும் வாறேன்" என்று எழுந்து உட்கார்ந்தான்.

"பஸ்ஸுக்கு டிரைவர் வேணும். நீ ஓட்டறயா?" என்றாள் தன்யா.

"அப்ப கண்டக்டர் ஆரு?"

"நாந்தான். எங்கப்பாவே கண்டக்டரு, தெரியுமா?"

ஆன்றோவின் வண்டியை இன்னொரு சிஸ்டர் தள்ளி வந்தார். நர்ஸ் மேஜை எங்கள் ரூட்டின் ஆழியாறு ஆனது. லிஃப்ட் அட்டகட்டி. கடைசி ஜன்னல் வால்பாறை. சிஸ்டரிடம் வாங்கிய பழைய தாளைக் கிழித்து அவளே டிக்கெட் எழுதினாள். நானும் ஒன்று வாங்கினேன். என் வாழ்நாளில் பஸ்ஸில் நான் எடுத்த முதல் டிக்கெட் இதுவாகத்தான் இருக்கும். சட்டைப் பையில் இருந்த விசிலைக் கேட்டாள். இங்கே விசிலா என்று சிஸ்டர் கண்ணை உருட்டினார். அதனால் வாயால் மட்டும்: "போலாம் ரைட்!"

ஒரு நிறுத்தத்தில் ஆன்றோ அவசரப்பட்டுக் கிளம்பப் பார்த்தான். தன்யா கையை நீட்டி மறித்துவிட்டாள். கண்டக்டர் சொல்லாமல் வண்டி நகரக் கூடாது. நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

வால்பாறை ஜன்னலில் வேப்பமரமும் தண்ணீர்த் தொட்டியும் தெரிகின்றன. அவற்றுக்கு அப்பால், வெயில் சாயும்போது மட்டும், கடல் ஒரு கோடு. ஆன்றோ அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜூலை 20, ஞாயிறு

ஆன்றோவின் அம்மா லீமாறோஸ். வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கிறார். இவர் தனியாக மகனைப் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் இருவரும் தங்கியிருப்பது ஒரே லாட்ஜ்தான். அவர் அடுப்பு வைத்துச் சமைக்கிறார். நான் பன்னைத் தின்று காலம் தள்ளுகிறேன். இன்று நீல மூடி போட்ட டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"அண்ணே, வேண்டாம்னு சொல்லப்பிடாது. கிழங்கும் நெத்திலியும். இப்பிடி மெலிஞ்சு போனா பிள்ளைய ஆரு பாக்கது?"

கலாமணியிடம் போனில் சொன்னேன். என் மனைவி ஆனைமலையில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். கைக்குழந்தையோடு இங்கே வர முடியாது. நெத்திலி ருசியைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

"டப்பாவ வெறுமனே குடுத்துப்போடாதீங்க மாமா."

"லாட்ஜுல என்ன இருக்குது வெச்சுக் குடுக்க?"

"ஒரு புடி சக்கரையாச்சும் போட்டுக் குடுங்க. ஒரு வூட்டுப் பாத்திரம் வெறும் பாத்திரமாத் திரும்பிப் போகக் கூடாது. எத்தன தரம் சொல்லியிருக்கறேன்?"

டீக்கடைக்காரரிடம் கெஞ்சிச் சர்க்கரை வாங்கிப் போட்டு வார்டில் கொடுத்தேன். லீமாறோஸ் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இங்கே பெரியவர்கள் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. தன்யா, "எதுக்குப்பா சக்கர?" என்றாள். காரணத்தைச் சொன்னேன். அவள் அம்மா சொன்னதாகவே சொன்னேன்.

ஜூலை 28, திங்கள்

டப்பா போய் வந்துகொண்டிருக்கிறது. அவர்கள் பக்கமிருந்து மீன், ஆப்பம், ஒருநாள் முந்திரிக்கொத்து. எங்கள் பக்கமிருந்து கடலை மிட்டாய், எலுமிச்சம்பழம், நேற்று இரண்டு வாழைப்பழம். டப்பா இப்போது யாரிடம் என்பதைத் தன்யாவும் ஆன்றோவும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

மதியம் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். "என்ற புது இதயம் யாரு வூட்டுலிருந்துப்பா வருது?" என்றாள்.

"கம்பெனில செய்யறாங்க கண்ணு."

"எந்தக் கம்பெனில?"

"கோயமுத்தூர்ல."

கோயமுத்தூரில் மோட்டார் செய்கிறார்கள், கிரைண்டர் செய்கிறார்கள், அதனால் நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பின்னல் கோணலாக வந்தது. அவிழ்த்து மறுபடி போட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் அம்மன் கோயில். பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் வரிசையில் நின்று முன்னால் போனேன்.

சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. எங்கிருந்து கிடைக்கும்? தன்யா அளவு நெஞ்சுக்குத் தன்யா அளவு இதயம்தான் பொருந்தும். அப்படியென்றால் எங்கோ ஒரு வீட்டில் இப்போது ஒரு பிள்ளை சோறு வேண்டாம் என்று அடம்பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டு அப்பனும் இன்றைக்கு ஏதோ ஒரு கோயிலில் நிற்கிறான். அவன் கேட்பதையும் நான் கேட்பதையும் அம்மன் எப்படி ஒன்றாகக் கொடுப்பாள்? எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

பூசாரி திருநீறு கொடுத்து, "என்னப்பா வேண்டுதல்?" என்றார்.

"மழைங்க" என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மதியம் நாற்காலியில் கண் அயர்ந்தேன். மலைப்பாதையில் பஸ் ஏறுகிறது. என்ஜின் சத்தமே இல்லை. அதற்குப் பதில் டக், புஸ். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து சீட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கெல்லாம் டிக்கெட் கொடுக்க வேண்டுமா என்று எனக்குக் குழப்பம். மடியில் ஒரு பார்சல். கதகதப்பாக இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்க்கிறேன், கை தூக்கி நிற்கிறவரைக் காணோம்.

விழித்த பிறகு பார்சலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ரூட்டில் பார்சல் இல்லாத நாள் கிடையாது. எஸ்டேட்டில் இருக்கிறவர்களுக்கு மருந்து, மூக்குக்கண்ணாடி, கல்யாணப் பத்திரிகை, ஒருதடவை கால் கட்டிய சேவல். பொள்ளாச்சியில் ஒருவர் கொடுப்பார், வளைவில் ஒருவர் கை தூக்கி நிற்பார். தூர ஊருக்கென்றால் ஒரு வண்டி கண்டக்டர் அடுத்த வண்டி கண்டக்டர் கையில் கொடுப்பார். உள்ளே என்ன, யார் கொடுத்தது, எதற்காக என்று நாங்கள் கேட்பதில்லை. கைக்குக் கை போய்ச் சேர்ந்துவிடும். சேராமல் போன ஒன்று எனக்கு ஞாபகமில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

தேன்மொழி சிஸ்டர் தினமும் டார்ச் அடித்து மாதுளையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ரத்தம் எங்காவது கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதாம். எங்களுடையது சுத்தம். ஆன்றோவுடையதில் ஓரத்தில் கடுகு மாதிரி ஒன்று. டாக்டரைக் கூப்பிட்டார்கள். கிண்ணத்தை மாற்றப் போகிறார்கள்.

"ஒண்ணும் இல்ல அண்ணே, புதுசு போடுவினும்" என்றார் லீமாறோஸ். இரண்டு தடவை சொன்னார்.

டப்பா எங்களிடம் இருக்கிறது. பத்திரமாகக் கழுவி வைத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் ஆன்றோவால் ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை. வலது கை. அந்தக் கடுகு மூளைக்குப் போய்விட்டதாம். திரை போட்டார்கள். அப்புறம் கட்டிலோடும் வண்டியோடும் வேறு பகுதிக்குக் கொண்டுபோனார்கள்.

வராந்தாவில் சுதந்திர தின மிட்டாய் கொடுத்தார்கள். இரண்டாக வாங்கி வைத்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பக்கத்து இடத்தைப் பினாயில் போட்டுத் துடைத்தார்கள். சுவரில் பிளக் மட்டும் இருக்கிறது.

தன்யாவிடம் ஆன்றோ ஊருக்குப் போய்விட்டான் என்று சொன்னேன். "சரிப்பா" என்றாள். நான் கீழே போய் ஷேவிங் பிளேடு வாங்கினேன். அந்தக் கடையில் நல்லதில்லை என்று அடுத்த கடைக்குப் போனேன். அப்படியே கடற்கரை வரைக்கும் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பிளேடு கையில் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

லாட்ஜில் லீமாறோஸின் அறைக்கதவு திறந்து கிடந்தது. வேறு யாரோ குடிவந்திருக்கிறார்கள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. யாரிடம் போய் என்ன சொல்வது?

பத்மஜா மேடத்திடம் அவரைப் பற்றிக் கேட்டேன். கையிலிருந்த ஃபைலை மூடி வைத்தார். பிறகு, "நாங்க கேக்கவே இல்ல சார். அவங்களாவே வந்தாங்க. என் புள்ளையோட இதயம் யாருக்கும் ஆவாது, கண்ணு நல்லா இருக்கு, யாருக்காவது வைங்கன்னு சொன்னாங்க. கையெழுத்துப் போட்டுட்டுதான் கிளம்பினாங்க" என்றார்.

நீல மூடி டப்பா என் பையில்தான் இருக்கிறது. அதில் எதைப் போட்டுக் கொடுப்பேன்?

ஆகஸ்ட் 30, சனி

தன்யா நடைக்கு வரமாட்டேன் என்கிறாள். "டிரைவர் இல்லாம பஸ்ஸு எப்படிப்பா போகும்?" சிஸ்டர், நான் ஓட்டுகிறேன் என்றார். "உங்களுக்கு லைசென்ஸ் இல்லீங்க சிஸ்டர்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். நடக்காமல் படுத்தே கிடந்தால் உடம்பு தளர்ந்துவிடும், அப்புறம் இதயம் வந்தாலும் தாங்காது என்று பெரிய டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான்தான் தடுத்து வைத்திருக்கிற மாதிரி.

செப்டம்பர் 12, வெள்ளி

பல் விழுந்தது. முன்பல், கீழே. மற்ற வீடுகளில் இது சிரிக்கிற விஷயம். இங்கே ஒரு ரகளை. ரத்தம் உறையாத மருந்து கொடுத்திருப்பதால் ஈறு கசிந்துகொண்டே இருந்தது. சிஸ்டர் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். பல் டாக்டர் வந்தார், ரத்த டாக்டர் வந்தார். தன்யா வாய் நிறையப் பஞ்சோடு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

ரத்தம் நின்ற பிறகு, "பல்லக் கூரை மேல எறியோணும். இல்லாட்டிப் புதுப் பல்லு முளைக்காது" என்றாள். இத்தனை மாடிக் கட்டடத்தில் கூரைக்கு எங்கே போவது? மொட்டை மாடிக்குப் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். "மொட்ட மாடி தரையாச்சேப்பா" என்றாள். அதுவும் சரிதான். பல்லைப் பஞ்சில் சுற்றி மருந்துக் குப்பியில் போட்டுத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மழை பெய்து ஜன்னல் முழுக்க வெள்ளையாகிவிட்டது. வால்பாறையே வந்து நின்ற மாதிரி இருந்தது. தன்யா அதைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகப் பேசினாள்.

"ஆன்றோ ஊருக்குப் போகல தானப்பா?"

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"டிரைவர் கண்டக்டர்கிட்டச் சொல்லாம எறங்க மாட்டான்."

கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாதுளை எங்கள் இருவருக்கும் நடுவே அசைந்துகொண்டிருந்தது. சொன்னேன். ஆன்றோவைப் பற்றிச் சொன்னேன். கோயமுத்தூர் கம்பெனி பொய் என்பதையும் சொன்னேன். இதயம் ஒரு வீட்டிலிருந்துதான் வரும், அந்த வீட்டுப் பிள்ளை இனிமேல் எழுந்திருக்காது என்று தெரிந்த பிறகு அவர்கள் மனசு வைத்தால்தான் வரும் என்று சொன்னேன். அழ வைத்துவிடுவேனோ என்று பயந்தேன். அழுதது அவள் இல்லை.

மாதுளையைப் பார்த்துக்கொண்டே, "எதுல வெச்சுக் கொண்டாருவாங்க?" என்று கேட்டாள்.

"ஐஸ் போட்ட டப்பாவுல."

"டப்பா அவுங்க வூட்டுதா?"

"தெரியல கண்ணு."

"வெறுமனே திருப்பிக் குடுத்துப்போடாதீங்கப்பா." தலையணைக்கடியில் துழாவிக் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். "இதப் போட்டுக் குடுங்க. என்ற உடம்புல இருந்ததுதான இதும்."

வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். விசிலுக்குப் பக்கத்தில்.

செப்டம்பர் 24, புதன்

இன்று தானாகவே எழுந்து நடந்தாள். "டிரைவர் சீட்டு ஆன்றோக்குத்தான். நாம தள்ளிட்டுப் போலாம்" என்றாள். வால்பாறை வரை போய் வந்தோம்.

அக்டோபர் 7, செவ்வாய்

மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண் அயர்கிற நேரம். பத்மஜா மேடம் எப்போதும் ஓட்டமும் நடையுமாக வருகிறவர், இன்று மெதுவாக வந்தார். அப்போதே புரிந்துவிட்டது.

"ஒரு வீட்ல மனசு வச்சிருக்காங்க சார்."

யாரும் சந்தோஷம் என்று சொல்லவில்லை. இந்த வார்டில் அப்படிச் சொல்வதில்லை. தேன்மொழி சிஸ்டர் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தார். கொஞ்ச நேரம் வண்டியின் சத்தம் மட்டும் கேட்டது. டக், புஸ். எங்கோ ஓர் அப்பன் இந்த நிமிஷத்தில் என்ன செய்துகொண்டிருப்பான்? அம்மனிடம் நான் கேட்கவில்லை. ஆனால் இத்தனை நாளும் வளைவில் கை தூக்கி நின்றது நான்தான். அதை இல்லையென்று சொல்ல முடியாது.

கலாமணிக்குப் போன் செய்தேன். குழந்தை அழுதுகொண்டிருந்தான். அவளும் அழுதாள். கடைசியில், "விசில் கையில இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

தள்ளுவண்டியில் படுக்க வைத்து, மாதுளை போர்வை மேல் கிடக்க, வண்டி பின்தொடர, ஆபரேஷன் அறை வாசல் வரை போனேன். அதற்கு மேல் நமக்கு அனுமதி இல்லை. அவர்கள் தள்ளத் தொடங்கியதும் தன்யா கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"எங்கப்பா சொன்னாத்தான் வண்டி நகரும்."

பச்சை உடுப்புக்காரர்கள் எல்லோரும் நின்று என்னைப் பார்த்தார்கள். எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். தூக்கத்தில்கூடச் சொல்வேன் என்று கலாமணி கேலி செய்வாள். சொன்னால் போய்விடுவாள். சொல்லாவிட்டாலும் அவளை வைத்துக்கொள்ள முடியாது. அவள் கையை இறக்காமலே காத்திருந்தாள்.

"போலாம் ரைட்" என்றேன்.

கதவு மூடிக்கொண்டது. இப்போது வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து சாயவே இல்லை.

அக்டோபர் 8, புதன்

துடிக்கிறது. தானாகவே.

அக்டோபர் 9, வியாழன்

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். போர்வை மேல் மாதுளை இல்லை. வண்டி இல்லை. சத்தமும் இல்லை. இத்தனை நாள் அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்கியும் விழித்தும் இருந்திருக்கிறேன். அது நின்றதும், பஸ் நின்றதும் விழித்துக்கொள்கிற பயணி மாதிரி நெஞ்சு திடுக்கென்றது. விரலால் நாற்காலிக் கையில் தட்டிப் பார்த்தேன். டக், புஸ். அப்படியே கண் சொக்கிவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

முதல் பேச்சு, காற்றாக வந்தது: "டப்பா?"

பத்மஜா மேடத்திடம் போய்க் கேட்டேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பெட்டி நம்ம ஆஸ்பத்திரியோடது சார். இங்கதான் இருக்கும். அவங்க வீட்டுக்குப் போகாது. பேர், ஊர் எதுவும் சொல்லவும் கூடாது. பேர் போடாம ரெண்டு வரி எழுதிக் குடுங்க, நான் சேத்துடறேன்."

எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதினேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். பல்லைச் சேர்த்து அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்.

தன்யாவிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

"ஆன்றோ வூட்டு டப்பா நம்மகிட்டத்தான இருக்குது" என்றாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பட்டாசுச் சத்தம் மாடிக்குப் பஞ்சு மாதிரி வந்தது. கஞ்சி குடித்தாள். இரண்டாவது டம்ளர் கேட்டாள். இந்த நோட்டில் இவ்வளவு நல்ல வரி இதுவரை எழுதவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பிடித்து வந்துவிட்டோம். சில மாதங்கள் இங்கேயே இருந்து பரிசோதனைக்குப் போக வேண்டும். கலாமணி குழந்தையோடு வந்துவிட்டாள். தம்பியை முகக்கவசத்தோடு தள்ளி நின்று பார்க்கிறாள் தன்யா. "இவனுக்கும் பல்லு இல்ல" என்று திருப்திப்பட்டுக்கொண்டாள்.

லீமாறோஸுக்குப் போன் செய்தேன். இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்றால், பயம்தான். என் பிள்ளை இருக்கிறது என்பதை எந்த வாயால் சொல்வது? அவர் எடுத்ததும், "அண்ணே, பிள்ளைக்குக் கெடச்சுதா?" என்றார். கிடைத்தது என்றேன். "மாதாவே" என்றார்.

"உங்க டப்பா எங்ககிட்டவே இருக்குதுங்க."

"வெறும டப்பாதான அண்ணே. கெடக்கட்டும்."

"இல்லீங்க. தன்யா அனுப்பியே ஆகணும்கறா."

நவம்பர் 8, சனி

கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போனேன். நாகர்கோவில் வண்டி கண்டக்டரிடம் நான் யார் என்று சொன்னேன். பொள்ளாச்சியா, நாகர்கோவிலா என்பதெல்லாம் எங்களுக்குள் கிடையாது. "குடுங்கண்ணே" என்று கையை நீட்டினார். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. நாகர்கோவில் பஸ் நிலையத்தில் ஓர் அம்மா வந்து கை தூக்குவார்கள் என்றேன்.

டப்பாவுக்குள் பஞ்சில் சுற்றிய பல். அதோடு தன்யா எழுதிய ஒரு டிக்கெட். 'ஆன்றோ, டிரைவர். எல்லா ஊருக்கும்.' ஓரத்தில் கலாமணி ஒரு பிடி சர்க்கரையைப் பொட்டலம் கட்டி வைத்தாள்.

வண்டி புறப்படும்போது அவர் விசில் அடித்தார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் கண்டக்டர் பேசினார். "அம்மா வந்து வாங்கிட்டாங்கண்ணே. அங்கயே தொறந்து பாத்தாங்க. பெஞ்சில உக்காந்துட்டாங்க. நான் ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்."

மதியம் வரைக்கும் வேறு தகவல் இல்லை. கலாமணி சோறு போட்டாள், இறங்கவில்லை. பிள்ளை விளையாட்டாகச் சொன்னதைக் கேட்டு ஒரு தாயின் புண்ணைக் கிளறிவிட்டேனோ என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது போன் அடித்தது. தன்யாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, மோள் பக்கத்தில உண்டா?"

"இருக்கறேன் ஆன்ட்டி" என்றாள் தன்யா.

"மக்களே, நீ அனுப்பின பல்லு கெடச்சுது. சீனியும் கெடச்சுது." குரல் நின்று, மறுபடி வந்தது. "எங்க வீடு ஓட்டு வீடாக்கும். ஆன்றோக்க பல்லு எல்லாம் அந்தக் கூரையிலதான் கெடக்கு, விழுந்த பல்லு ஒவ்வொண்ணும் நான்தான் எறிஞ்சேன். ஒனக்க பல்லையும் இப்பம் அதுக்கக் கூட எறிஞ்சிட்டேன்."

கலாமணி குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தன்யா நாக்கை நீட்டிக் கீழ் ஈற்றை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவினாள்.

"முளைக்குதுங்க ஆன்ட்டி" என்றாள்.